மல்லைக்கு ஓர் ஆற்றுப்படை

வழி கேட்டு நிற்பானுக்கு வழி சொல்லுதல் எல்லா நாட்டார்க்கும் பொதுவான பண்பு. அவ் வழி சொல்லுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தெடுத்த மொழி தமிழ். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு பாணனை நிறுத்தி, இவ் வழியே செல், இன்னின்ன ஊர்களைக் காண்பாய், அவ்வவ் ஊரார் இன்னின்ன உணவளிப்பர், முடிவில் இன்னானைக் கண்டு பயன் பெறுவாய் என்று உள்ளது உள்ளவாறு உரைப்பதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டின் பத்து நூல்களுள் ஐந்து இவ் வகையைச் சார்ந்தவை. வழிச்செல்வானை ஏமாற்றாது வழிப்படுத்துதல் அறம் என்று கொண்ட இனத்திலேயே இத்தகைய நூல்கள் தோன்ற முடியும்.

அவ் வைந்தனுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்துவது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், அடிகள் 500. உப்பு வணிகரின் வண்டிகள் செல்லும் பெருவழி, எயினர் குடில், ஆயர் பாடி, உழவர் மனை, வலைஞர் இருப்பு எனத் தொண்டை நாடு முழுவதையும் நடந்து காட்டி, நீர்ப்பெயற்று என்னும் கடற்றுறைக்கு அந் நூல் பாணனை இட்டுச் செல்கிறது. அத் துறையில் குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் கொணர்ந்த கலங்கள் நிற்கும். ஏணி சார்த்தி ஏறும் உயர்ந்த மாடத்தில் இரவெல்லாம் விளக்கெரியும். அந் நீர்ப்பெயற்று இற்றை மாமல்லபுரமே என்று கருதும் அறிஞர் உளர்.

இற்றை நாளிலும் அதே கரைக்கு வழிச்செல்வோர் வருகின்றனர். முதுகில் தன் உடைமை முழுவதையும் அடக்கிய ஒரு பை. கையில் ஒரு வழிகாட்டி நூல் அல்லது கைப்பேசி. சென்னையினின்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவோ, செங்கற்பட்டுத் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கித் திருக்கழுக்குன்றம் வழியாகவோ, பேருந்தில் வந்து சேர்கிறான் வெளிநாட்டு இளைஞன் ஒருவன். ஒத்தவாடைத் தெருவில் குறைந்த வாடகைக்கு ஓர் அறை எடுக்கிறான். ஒரு பக்கம் மட்டும் வீடுகள் அமைந்த தெருவைக் குறிக்கும் 'ஒற்றைவாடை' என்னும் அழகிய சொல்லே பேச்சில் அவ்வாறு ஆயிற்று என்பதை அவனுக்குச் சொல்வார் இல்லை. மாலையில் கடற்கரைக் கோயில். மறுநாட் காலையில் பெரும்பாறைச் சிலைகள், குடைவரைகள், ஒற்றைக்கற் கோயில்கள். நண்பகலில் வறுத்த மீன். வெயில் தாழ்வதற்குள் புதுச்சேரிப் பேருந்து. ஓர் இரவும் ஒரு பகலும் கொண்ட இச் செலவில் அவன் ஐந்நூறு ஒளிப்படங்களும் பத்துப் பெயர்களும் எடுத்துச் செல்கிறான்.

அவன் ஒருவனல்லன். இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் நுழைவுக் கட்டணம் பெறும் இடங்களுள், 2021-22-ஆம் ஆண்டில் வெளிநாட்டார் மிகுதியாக வந்து கண்டது மாமல்லபுரமே. ஏறத்தாழ 1,45,000 பேர் வந்தனர். தாசுமகாலைக் கண்டோர் அவ் வாண்டில் 39,000 பேருக்கும் குறைவு. கொள்ளைநோய் உலகை முடக்கியிருந்த ஆண்டின் கணக்கு இது.

ஒளிப்படங்கள் பொய் சொல்வதில்லை. பெயர்கள் சொல்கின்றன.

ஐந்து ஒற்றைக்கற் கோயில்களின் முன் நின்று, இவை பாண்டவர் ஐவரின் தேர்கள், இது திரௌபதியின் தேர், இது வீமனின் தேர் என்று கேட்டு எழுதிக்கொள்கிறான் அவ் இளைஞன். அவை தேர்களும் அல்ல. பாண்டவர்க்கும் அவற்றிற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. அவை ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எழுப்பிய கோயில் வடிவங்கள். பணி முற்றுப்பெறாமலே நின்றவை. திரௌபதியின் பெயரால் வழங்குவது கொற்றவைக்கு எடுத்த கோயில். அதன் கூரையை உற்று நோக்குவான் வேறொன்றும் அறிவான். ஓலை வேய்ந்து விளிம்பு வளைந்து இறங்கும் தமிழ்நாட்டுக் குடிலைத் தச்சன் அப்படியே கல்லில் வடித்திருக்கிறான். பாண்டவர் கதையை நூல்களில் எங்கும் படிக்கலாம். ஏழாம் நூற்றாண்டில் இக் கரையில் வாழ்ந்தவரின் கூரை எவ்வாறு இருந்தது என்பதை இங்குத்தான் காண முடியும். அதைக் காட்டாமல் கதையைக் காட்டி அனுப்புவது, பால் கேட்டு வந்தவனுக்குப் பானையின் படத்தைக் கொடுப்பது போன்றது.

ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பெரும்பாறைச் சிலைத்தொகுதிக்கு அருச்சுனன் தவம் என்று ஒரு பெயர். கங்கை இறங்கும் காட்சி என்று மற்றொன்று. இரண்டனுள் எது சரி என்னும் வழக்கு அறிஞரிடையே இன்றும் தீரவில்லை. ஆயின், முன்காலைத் தூக்கித் தவஞ் செய்வதுபோல் நிற்கும் பூனையும், அதனை நம்பி அருகில் கூடும் எலிகளும் பற்றி எவ் வழக்கும் இல்லை. போலித் துறவைக் கண்டு நகைத்த ஒரு தச்சனின் உளி அங்கே இன்றும் பேசுகிறது. பக்கத்து மண்டபத்தில் ஆயன் ஒருவன் ஆவைக் கறக்க, அது தன் கன்றை நக்குகிறது. குன்று தூக்கிய கண்ணன் கதை அங்குப் பின்னணியே. முன்னே நிற்பது தொண்டை நாட்டு முல்லை வாழ்க்கை. சரிவில் நிற்கும் உருண்டைப் பாறைக்குக் கண்ணனின் வெண்ணெய் உருண்டை என்று பெயர். அதனைத் தள்ளுவது போல் கைநீட்டி நின்று ஒளிப்படம் எடுத்துக்கொள்வதோடு அவன் உலா முடிகிறது.

இதில் வந்தவனைக் குறைகூற ஒன்றும் இல்லை. அவன் கேட்டான், சொல்லப்பெற்றதை நம்பினான். ஒரு நாளே தங்குவான் உண்மையைக் கொண்டு செல்ல மாட்டான் என்பதும் இல்லை. கி.பி. 640-ஐ ஒட்டிச் சீனத்தினின்று வந்த யுவான் சுவாங்கு காஞ்சியைக் கண்டார். முதுகில் ஏட்டுச்சுமை தாங்கி நடக்கும் உருவிலேயே ஓவியர் அவரைத் தீட்டுவர். மாமல்லன் என்னும் பெயர் கொண்ட முதலாம் நரசிம்மவர்மனின் ஆட்சிக் காலம் அது. இந் நாட்டு மக்களின் மறத்தையும், சொல் தவறாமையையும், கல்வி விருப்பையும் அச் சீனர் எழுதிவைத்தார். 645-இல் தம் நாடு திரும்பி அவர் செய்த செலவுக்குறிப்பு, பல்லவர் கால வரலாற்றுக்கு இன்றளவும் சான்றாகத் திகழ்கிறது. முதுகுச்சுமையோடு வந்த ஒருவர் உள்ளதை உள்ளவாறு கொண்டுபோனதால் தமிழர்க்கு வாய்த்த பேறு அது.

உள்ளதல்லாததைக் கொண்டுபோனதால் நேர்ந்த கேட்டுக்கும் இவ் வூரே சான்று. கலங்களில் வந்த ஐரோப்பியர் இக் கரையை 'ஏழு கோயில்கள்' என்னும் பொருள்பட வழங்கினர். எழுவற்றுள் ஆறு கடலுள் மூழ்கின என்று கதை கட்டப்பெற்றது. 1772-இலும் 1776-இலும் இங்கு வந்த வில்லியம் சேம்பர்சு என்னும் ஆங்கிலேயர், இவ் வூரை மாவலிபுரம் எனக் கேட்டறிந்து, மாவலி மன்னனின் நகர் கடல்கொண்ட கதையையும் சேர்த்து எழுதினார். அக் கட்டுரை 1788-இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஆய்வுத்தொகுதியின் முதன் மடலில் இடம் பெற்றது. அதனைப் படித்த இராபர்ட்டு சதே என்னும் ஆங்கிலப் பாவலர், இந்திய மண்ணையே மிதித்தறியாதவர், 1810-இல் வெளியிட்ட தம் நெடும்பாட்டில் மாவலியின் கடல்கொண்ட நகரைப் பாடினார். ஒரு சிறு செலவில் காதில் விழுந்த பெயர், நாற்பதாண்டுகளுக்குள் உலக இலக்கியத்தில் ஏறிவிட்டது. அதன்பின் அதனை இறக்க வல்லார் யார்?

1984-இல் இவ் வூரின் கலைச்செல்வங்களை உலக மரபுச் செல்வமாக யுனெசுகோ ஏற்றுக்கொண்டது. தமிழர் நெஞ்சு நிமிர வேண்டிய நாள் அது. ஆயின் அப் பட்டியலில் ஏறிய பெயர் மகாபலிபுரம். தமிழ்நாட்டரசின் ஆவணங்களில் மாமல்லபுரம் என வழங்கும் ஊர், உலக ஆவணத்தில் வேறொருவன் ஊராக நிற்கிறது.

ஊரின் உண்மைப் பெயர் ஐயத்திற்கு இடமானதன்று. கடற்கரைக் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு, ஆமூர்க் கோட்டத்தைச் சேர்ந்த மாமல்லபுரம் என்றே இதனைச் சுட்டுகிறது. அதனினும் பழைய வழக்கு மல்லை என்பது. திருமங்கையாழ்வார் கடல்மல்லை என்றார்; பொருள் நிறைந்த கலங்கள் அங்கு மொய்த்து நிற்பதையும் பாடினார். நந்திக் கலம்பகம் தன் தலைவனை மல்லைக்கும் மயிலைக்கும் உரியவனாகப் போற்றுகிறது. மல் என்பது வலிமை. மல்லல் என்னும் சொல்லுக்கு வளம் என்று பொருள் கூறும் தொல்காப்பியம். வலிமையும் வளமும் ஒருங்கே ஒலிக்கும் ஊர்ப்பெயர் வேறு எத்தனை உண்டு? அதனை விட்டுக் கதைமன்னன் பெயரைப் பற்றிக்கொள்வதற்கு என்ன நேர்ந்தது?

பெயர் எதுவானால் என்ன, கல் கல்லாகவே இருக்கிறதே என்பாரும் தமிழரிடையே உளர். பல்லவர் தம் கல்வெட்டுகளை இங்கு வடமொழியில் அன்றோ பொறித்தனர் என்று வினவுவாரும் உளர். அவ் வினா நேர்மையானது. அதனை மறைத்தல் வேண்டா. அரசர் தம் பட்டப்பெயர்களை வடமொழியிலேயே அடுக்கினர். அரண்மனையின் மொழி அது. உளி பிடித்தவன் மொழி எது என்பதற்கு விடை, கடற்கரையினின்று சற்றே மேற்கில் பூஞ்சேரியில் இருக்கிறது.

அங்குள்ள பாறையொன்றில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், கொல்லன் சேமகன் என அப் பெயர்கள் தொடர்கின்றன. பட்டங்களும் போற்றியுரைகளும் அவற்றில் இல்லை. மாமல்லையின் கோயில்களைச் செதுக்கியோரின் பெயர்கள் இவை என்று அறிஞர் கருதுகின்றனர். பெருந்தச்சன், கொல்லன் என்னும் தொழிற்சொற்கள் இன்றும் எச் சிற்றூரிலும் விளங்கும் தமிழ்ச்சொற்கள். கோயில்களில் அரசன் பெயர் இருந்தது. ஊரார்க்கு அறிமுகமான இப் பாறையில் தம் பெயர் இருக்கட்டும் என்று அக் கைகள் எண்ணின போலும். அவர்கள் கேட்டது அவ் வளவே.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், வீமனின் தேர் என்றும் அருச்சுனனின் தவம் என்றும் எழுதிச் செல்லும் இலக்கக்கணக்கான உலாவரில், கேவாத பெருந்தச்சன் பெயரைக் கொண்டு செல்வார் எத்தனை பேர்? உலாவர் இருக்கட்டும், தமிழ்ப் பிள்ளைகளுள் அதை அறிந்தார் எத்தனை பேர்? இங்கிழந்தது வெறும் பெயரன்று. செய்தவனின் உழைப்பைச் செய்யாதவன் கணக்கில் எழுதிவைக்கும் கொடுமை இது. கூலியைப் பறிப்பதினும் பெயரைப் பறிப்பது பெரிது. கூலி ஒருநாளைக்குரியது. பெயர் தலைமுறைக்குரியது.

எனவே பழைய பாணன் செய்த பணியை இற்றைத் தமிழர் மீண்டும் மேற்கொள்ள வேண்டும். மல்லைக்கு ஓர் ஆற்றுப்படை வேண்டும். அது செங்கற்பட்டில் தொடங்கட்டும். செங்கழுநீர் பூத்த ஊர் செங்கழுநீர்ப்பட்டாகி, செங்கற்பட்டாகி, ஆங்கிலர் நாவில் சிங்கிள்புட்டாய்ச் சிதைந்த வரலாற்றை வருவோன் முதற்படியிலேயே அறியட்டும். திருக்கழுக்குன்றம் செல்லும் சாலையில், ஊர் கடந்த சிறிது தொலைவில், வல்லம் என்னும் சிற்றூர்க் குன்றில் அவன் இறங்கட்டும். அங்குள்ள குடைவரையில், மகேந்திரப் போத்தரசனின் அடியானாகிய வயந்தப்பிரி அரைசனின் மகன் கந்தசேனன் இக் கோயிலைச் செய்வித்தான் என்னும் செய்தி தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. மாமல்லனின் தந்தை காலத்திலேயே பல்லவக் குடைவரையில் தமிழ் ஏறிவிட்டது என்பதற்கு அது சான்று. நாள்தோறும் பேருந்துகள் அவ் வழியே நிறைந்து செல்கின்றன. இறங்குவார் அரியர்.

திருக்கழுக்குன்றத்து ஒருகல் மண்டபத்தில், 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த ஒல்லாந்தர் தம் பெயர்களைப் பொறித்துச் சென்றதை அவன் காணட்டும். வந்தவனும் தன் பெயர் நிலைக்க வேண்டும் என்றே விரும்பினான் என்பது அங்கு விளங்கும். மல்லைக்கு வடக்கே சாளுவன்குப்பத்துக்கு அவன் நடக்கட்டும். 2004 திசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபின், அங்கொரு பாறையில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவற்றைத் துணைக்கொண்டு 2005-இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது முருகன் கோயிலொன்று வெளிவந்தது. கருங்கல்லால் ஆகிய வேல் ஒன்றும் அங்குக் கிடைத்தது. பல்லவர் காலக் கட்டடத்தின் கீழே அதனினும் பழைய செங்கற்கட்டு இருந்தது. அவ் விடத்தின் பழம்பெயர் திருவிழிச்சில் என்று கல்வெட்டுகள் கூறின. பல்லாயிரம் உயிரைக் குடித்த கடல், தமிழர் மறந்த ஒரு பெயரை மட்டும் திருப்பித் தந்தது.

பின்னர் அவன் மல்லையின் தெருக்களில் நிற்கட்டும். அங்கு உளியோசை இன்றும் ஓயவில்லை. 1957-இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சிக்கூடம் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அதனை நடத்திய வை. கணபதி பெருந்தச்சரின் கையில் உருவானதே, 2000 சனவரி முதல் நாளில் குமரிக் கடலில் எழுந்த 133 அடித் திருவள்ளுவர் சிலை. பூஞ்சேரிப் பாறையில் பெயர் பொறித்த கைகளின் தொடர்ச்சி அது. கல்லில் கைவைத்த ஓர் இளந்தச்சனோடு ஒரு நாழிகை அமர்ந்து பேசுவானாயின், அவ் வழிச்செலவன் கொண்டு செல்லும் பெயர்கள் வேறாக இருக்கும்.

இவை நடவாதன அல்ல. ஆத்திரேலியாவின் நடுநிலத்துச் செம்பாறையை ஆங்கிலேயர் தம் ஆட்சியாளன் ஒருவன் பெயரால் வழங்கினர். 1987-இல் உலக மரபுப் பட்டியலில் ஏறியபோதும் அவ் வாங்கிலப் பெயர் ஒட்டிக்கொண்டே ஏறியது. பின்னர் அது நீக்கப்பெற்று, அம் மண்ணின் தொல்குடியினர் வழங்கும் உலூரு, கட்ட சூட்டா என்னும் பெயர்கள் மட்டுமே நிற்கின்றன. பட்டியற் பெயரை மாற்றுவதற்கு உரிய நாட்டின் நடுவணரசு கேட்க வேண்டும். கேட்கச் செய்ய வேண்டியது தமிழ்நாடு. 2020 சூன் திங்களில் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. கூட்டலில் குறை இருந்தால் திருத்தலாம். முயற்சியே கைவிடப்படுதல் கூடாது.

தமிழர் பெயர் கொடுத்தால் உலகம் ஏற்கும் என்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டா. 2022-இல் 44-ஆம் உலகச் சதுரங்கப் போட்டி பூஞ்சேரியில் நடந்தது. வேட்டி கட்டிய குதிரையுருவை அதற்கு அடையாளமாக்கி, அதற்குத் 'தம்பி' என்று பெயரிட்டனர். பல நாட்டு ஆட்டக்காரரும் தயங்காமல் தம்பி, தம்பி என்று அழைத்தனர். யாரும் மொழிபெயர்ப்பு வேண்டவில்லை. ஆயின் அவர்கள் அமர்ந்து ஆடிய அவ் வூரிலேயே கேவாத பெருந்தச்சனின் பாறை இருப்பதை எத்தனை பேர்க்குக் காட்டினர்?

வேண்டுவன சில. உலக மரபுப் பட்டியலில் மாமல்லபுரம் என்னும் பெயர் ஏறல் வேண்டும். பூஞ்சேரிப் பாறை பேணப்பெற்று, அப் பெயர்களைத் தெளிவாகத் தமிழிலும் பிறமொழிகளிலும் எழுதிய பலகை அங்கு நிற்றல் வேண்டும். ஒற்றைக்கற் கோயில்களின் முன் உள்ள பலகைகள், வழக்கில் உள்ள பெயர் கதைவழிப்பட்டது என்பதையேனும் நேர்மையாகச் சொல்லல் வேண்டும். பன்மொழி பயின்று பிழைக்கும் ஊர் வழிகாட்டிகள் அறிவில் குறைந்தவரல்லர். அவர்க்கு உண்மை வரலாற்றைப் பயிற்றுவித்தால், நாள்தோறும் ஆயிரம் செவிகளில் அதனைச் சேர்க்க வல்லவர் அவரே.

அரசு செய்யும் வரையில் காத்திருத்தல் தமிழ அன்பர்க்கு அழகன்று. அடுத்த விடுமுறையில் தம் பிள்ளைகளின் முதுகில் ஒரு பையை மாட்டி, வல்லத்திலிருந்து பூஞ்சேரி வரை அழைத்துச் செல்லட்டும். அப் பாறையின் முன் நிறுத்தி, எழுத்துக்கூட்டி அப் பெயர்களை உரக்கப் படிக்கச் செய்யட்டும். பாணனுக்கு வழி சொன்ன இனம் தன் பிள்ளைக்கு வழி சொல்ல மறந்தால், வெளிநாட்டானுக்கு எதைச் சொல்லும்? பிள்ளை அறிந்தால் ஊர் அறியும். ஊர் அறிந்தால் உலகம் அறியும். அன்று மல்லைக்கு வந்து ஒருநாள் தங்கிச் செல்வான் ஒருவன், தன் நாட்டில் தன் மக்களிடம், அக் கோயில்களைச் செதுக்கியவன் ஒரு தமிழ்த் தச்சன். அவன் பெயரும் எனக்குத் தெரியும் என்று சொல்வான்.

அந் நாளை அணித்தாக்குக!